வேரில் பூஞ்சை, கிளையில் கோவாலா: ஒப்பிட்டு எழுதும்போது என்ன கேட்க வேண்டும்?



தலைப்பைப் பார்த்ததும், "ரப்பர் மரத்து வேரை அழுக வைக்கிற பூஞ்சைக்கும், ஆஸ்திரேலியாவில் மரத்துமேல் தூங்குகிற கோவாலாவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்வியிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. தவளையையும் தேரையையும் ஒப்பிடச் சொன்னால் யார் வேண்டுமானாலும் நாலு வரி எழுதிவிடலாம். தொடர்பே இல்லாததுபோல் தெரிகிற இரண்டைக் கொடுக்கும்போதுதான், மாணவருக்கு ஒப்பிடத் தெரியுமா, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க மட்டும் தெரியுமா என்பது வெளியே வரும்.

இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பத்து காஜா வட்டாரத்தில் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி பால் வெட்டியவர்கள். அவர்கள் நம்பியிருந்த மரத்தைக் கொன்ற நோய் எது, அது ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பதை ஓர் ஒப்பீட்டின் வழியாகவே புரிந்துகொள்ள முடியும். எப்படி என்று பார்ப்போம்.

1. முதல் உயிரி: வெள்ளை வேர்ப் பூஞ்சை

ரப்பர் மரம் நம் நாட்டு மரம் இல்லை. அதன் தாயகம் பிரேசில். 1876இல் ஹென்ரி விக்கம் அங்கிருந்து விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் எனச் சொல்லப்படும் ஒன்றை இன்றும் கோலகங்சாரில் பார்க்கலாம். ஈயத்துக்குப் பேர்போன கிந்தா பள்ளத்தாக்கிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்கிற கெல்லி கோட்டையைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித்தும் பத்து காஜா பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர்தான்.

தோட்டம் போடுவதற்காகக் காட்டை வெட்டினார்கள். மரத்தை வெட்டினார்கள், எரித்தார்கள். ஆனால் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. அந்தக் காட்டுமரக் கட்டைகளில் வாழ்ந்துவந்த ஒரு பூஞ்சை, புதிதாக நட்ட ரப்பர் கன்றின் வேருக்குத் தாவியது. 1904இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்ரி ரிட்லி இந்த நோயை ரப்பரில் முதன்முதலில் பதிவு செய்தார். ரப்பர் நடச் சொல்லித் தோட்டக்காரர்களிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தவரும் அவரே.

இந்தப் பூஞ்சையின் அறிவியல் பெயர் ரிகிடோபோரஸ் மைக்ரோபோரஸ். பழைய நூல்களில் ரிகிடோபோரஸ் லிக்னோசஸ், ஃபோமஸ் லிக்னோசஸ் என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். அது உண்டாக்கும் நோய்க்கு வெள்ளை வேர் நோய் என்று பெயர்.

அது வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். மெல்லிய பூஞ்சை இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளை நூல்கயிறு போல் திரண்டு, வேரின் மேற்பரப்பில் ஒட்டியபடி படர்கின்றன. இந்தக் கயிறுகளை ரைசோமார்ப் என்பார்கள். நோயுற்ற வேர் ஒன்று பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டால் போதும், கயிறு அந்த வேருக்கு மாறிவிடும். பிறகு உள்ளே நுழைந்து, நொதிகளைச் சுரந்து, மரக்கட்டைக்கு உறுதி தருகிற லிக்னினைச் சிதைக்கும். வேர் மெல்ல அழுகும்.

மேலே என்ன தெரியும்? இலைகள் பளபளப்பு இழந்து மஞ்சளாகும். சில மரங்கள் பருவம் தப்பிப் பூத்துக் காய்க்கும். அடிமரத்தில் ஆரஞ்சு நிறத்தில், வெளிர் விளிம்போடு, தட்டு வடிவக் காளான்கள் முளைக்கும். சிக்கல் என்னவென்றால், இலை மஞ்சளாவதைப் பார்க்கிறபோது வேர் பெரும்பாலும் போயிருக்கும். அதிலும் இளமரங்கள்தாம் அதிகம் சாகும். ஒரு ரப்பர் கன்று பால் வெட்டும் பருவத்துக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். நாலாம் ஆண்டில் மரம் செத்தால், ஒரு மங்குப் பால்கூட எடுக்காமல் அத்தனை ஆண்டு உழைப்பும் வீண். பெரிய தோட்டம் இதைத் தாங்கிக்கொள்ளும். ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கிற சிறுதோட்டக்காரர் என்ன செய்வார்?

2. இரண்டாவது உயிரி: கோவாலா

முதலில் பெயரைச் சரிசெய்வோம். "கோவாலா கரடி" என்று பலரும் எழுதுகிறோம். கோவாலா கரடி இனம் அன்று. பத்து காஜா என்றால் மலாயில் யானைக்கல். அதற்காக ஊருக்குள் யானையைத் தேடுவோமா? பெயர் ஒன்று சொல்லும், வகைப்பாடு வேறொன்று சொல்லும். தேர்வில் வகைப்பாட்டுக்குத்தான் புள்ளி.

கோவாலாவின் அறிவியல் பெயர் பாஸ்கோலார்க்டோஸ் சினேரியஸ். அது பைப்பாலூட்டி, அதாவது, குட்டியை முழு வளர்ச்சிக்கு முன்பே ஈன்று, வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் பாலூட்டி. கருக்காலம் ஏறத்தாழ 35 நாள்தான். பிறக்கும்போது குட்டி 2 சென்டிமீட்டர் நீளம், எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அது தானாக ஊர்ந்து பைக்குள் போய், அங்கே ஏறக்குறைய 6 மாதம் பால் குடித்து வளரும்.

இதன் உணவு யூகலிப்டஸ் இலை. சத்து குறைந்த, நார் மிகுந்த, பல விலங்குகளுக்கு நஞ்சாகிற இலை. கோவாலா எப்படிச் சமாளிக்கிறது? அதன் குருட்டுக்குடல் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம். அங்குள்ள நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்கின்றன. கல்லீரல் நஞ்சை முறிக்கிறது. 2018இல் வெளியான கோவாலா மரபணுத் தொகுதி ஆய்வில், நஞ்சு முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் அதற்கு வழக்கத்தைவிடப் பெருகியிருப்பது தெரியவந்தது. இலையில் ஆற்றல் குறைவு என்பதால் ஒரு நாளில் ஏறத்தாழ 20 மணி நேரம் தூங்கியும் ஓய்வெடுத்தும் கழிக்கிறது. சோம்பேறி என்று திட்டாதீங்க. அது ஆற்றலைச் சேமிக்கிற வழி.

பையை விட்டு வெளிவரும் காலத்தில், தாய் வெளியேற்றும் ஒருவகை மென்மலத்தைக் குட்டி தின்னும். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் இலையைச் செரிக்கத் தேவையான நுண்ணுயிர்கள் அப்படித்தான் குட்டியின் குடலுக்குப் போய்ச் சேர்கின்றன.

நம் காட்டில் பைப்பாலூட்டி உண்டா? இல்லை. சுலாவெசித் தீவில் கஸ்கஸ் என்னும் பைப்பாலூட்டி மரத்தில் வாழ்கிறது. அதற்கு மேற்கே போர்னியோவிலோ தீபகற்ப மலேசியாவிலோ இயற்கையாக எதுவும் இல்லை. நம் காட்டில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கிற குபோங், குட்டியைத் தன் தோல்மடிப்பில் சுமப்பதைப் பார்த்து, "பை இருக்கே, அப்போ பைப்பாலூட்டிதானே?" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அந்தத் தோல் பறப்பதற்கானது. குபோங் பைப்பாலூட்டி அன்று.

3. ஒப்பிடும் முன்: கேள்விச் சொல்லும் ஒப்பீட்டுக் கூறும்

எஸ்.பி.எம். தாளில் "பண்டிங்கான்" என்று வந்தால் ஒற்றுமை, வேற்றுமை இரண்டையும் எழுத வேண்டும். "பெசாகான்" என்று வந்தால் வேற்றுமை மட்டும் போதும். தமிழில் முன்னது ஒப்பிடுக, பின்னது வேறுபடுத்துக. இதைக் கவனிக்காமல் புள்ளி இழப்பவர்கள் ஏராளம்.

அடுத்தது, கூறு. பலர் இப்படி எழுதுவார்கள்:

"பூஞ்சைக்கு இழைகள் உண்டு. கோவாலாவுக்குப் பை உண்டு."

இரண்டு வரியும் உண்மை. ஆனால் இது ஒப்பீடு ஆகாது. முதல் வரி உடலமைப்பைப் பேசுகிறது, இரண்டாம் வரி குட்டி வளர்ப்பைப் பேசுகிறது. சந்தையில் ஒரு கடையில் மீன் விலையையும் மறு கடையில் கத்தரிக்காய் நிறத்தையும் கேட்டுவிட்டு, எந்தக் கடை மலிவு என்று சொல்ல முடியுமா? ஒரே கேள்வியை இரண்டு உயிரியிடமும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் ஒப்பீட்டுக் கூறு.

இரட்டிப்புக் குமிழி வரைபடம் வரையும்போதும் இதே விதிதான். நடுக் குமிழிகளில் ஒற்றுமைகள். இரு பக்கக் குமிழிகளில் வேற்றுமைகள். இடப்பக்கம் ஒரு குமிழி வரைந்தால், அதே கூறுக்கு வலப்பக்கமும் ஒரு குமிழி இருந்தே ஆக வேண்டும். ஒற்றையாக நிற்கும் குமிழியை அழித்துவிடச் சொல்லுங்கள்.

4. ஒற்றுமைகள்

வேற்றுமை எழுதுவது சுலபம். ஒற்றுமையில்தான் மாணவர்கள் திணறுகிறார்கள். "ரெண்டும் உயிருள்ளவை" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இன்னும் நான்கு பாருங்கள்.

ஒன்று: இரண்டும் தம் உணவைத் தாமே தயாரிப்பதில்லை. பச்சையம் இல்லை, ஒளிச்சேர்க்கை இல்லை. மரம் வெயிலைக் கொண்டு தயாரித்ததை எடுத்துக்கொண்டுதான் இரண்டும் வாழ்கின்றன.

இரண்டு: மிகுதி உணவை இரண்டும் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. தாவரம் மாவுச்சத்தாகச் சேமிக்கும். இந்த ஒரு புள்ளியே பூஞ்சை தாவரம் அன்று என்பதற்கு நல்ல சான்று.

மூன்று: மற்ற உயிரிகள் எளிதில் செரிக்க முடியாத ஒன்றை இரண்டும் நொதிகளின் துணையோடு பயன்படுத்திக்கொள்கின்றன. பூஞ்சைக்கு லிக்னின் நிறைந்த மரக்கட்டை. கோவாலாவுக்கு நச்சுத்தன்மையுள்ள இலை.

நான்கு: இரண்டுக்கும் மரத்திலிருந்து மரத்துக்குப் போக வழி வேண்டும். இதைப் பற்றிப் பின்னால் சொல்றேன்.

ஒரு கூடுதல் செய்தி, எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்குப் பயன்படும். பூஞ்சையைத் தாவரத்தோடு சேர்த்துப் படித்த காலம் ஒன்று இருந்தது. 1969இல் ராபர்ட் விட்டேக்கர் ஐந்து உலகப் பிரிவை முன்வைத்தபோது பூஞ்சைக்குத் தனி உலகம் கொடுத்தார். 1990களில் வந்த மூலக்கூறு ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. ஆக, ரப்பர் மரம், அதன் வேரிலுள்ள பூஞ்சை, கோவாலா ஆகிய மூன்றையும் வரிசைப்படுத்தினால், பூஞ்சையும் கோவாலாவும் ஒரு பக்கம், மரம் தனியாக மறு பக்கம். தொடர்பே இல்லை என்று நினைத்த ஜோடிதான் உறவில் நெருக்கம்!

5. வேற்றுமைகள்

ஒவ்வொரு கூறையும் முதலில் எழுதி, பிறகு இரண்டு உயிரியையும் அதே வரியில் கொண்டு வாருங்கள்.

உலகம்: வெள்ளை வேர்ப் பூஞ்சை பூஞ்சை உலகத்தைச் சேர்ந்தது, கோவாலா விலங்கு உலகத்தில் பாலூட்டி வகுப்பைச் சேர்ந்தது.

உயிரணு: பூஞ்சையின் உயிரணுவுக்குக் கைட்டினால் ஆன சுவர் உண்டு, கோவாலாவின் உயிரணுவுக்குச் சுவரே இல்லை.

செரிமானம்: பூஞ்சை நொதியை வெளியே சுரந்து, உணவை உடலுக்கு வெளியே சிதைத்து, பிறகு உறிஞ்சும், கோவாலா இலையை மென்று விழுங்கி, உடலுக்கு உள்ளே செரிக்கும்.

உண்ணும் பகுதி: பூஞ்சை வேரையும் அடிமரத்தையும் தாக்கும், கோவாலா இலையை உண்ணும்.

உணவுத் தெரிவு: பூஞ்சை ரப்பரை மட்டுமல்லாமல் மரவள்ளி, கொக்கோ, தேயிலை எனப் பலவற்றையும் தாக்கும், கோவாலா பெரும்பாலும் யூகலிப்டஸையே, அதிலும் சில இனங்களையே விரும்பி உண்ணும்.

இனப்பெருக்கம்: பூஞ்சை எண்ணற்ற நுண்வித்துகளை உண்டாக்கும், கோவாலா வழக்கமாக ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும்.

மரத்தோடு உறவு: பூஞ்சை மரத்துக்கு ஒட்டுண்ணி; கோவாலா தாவரவுண்ணி.

ஏழு கூறுகள். எந்தத் தேர்வுக்கும் இது போதும். ஆனால் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று வந்தால் எட்டாவது கேள்வி ஒன்று கேட்க வேண்டும். முழுக் கட்டுரையும் அதற்காகத்தான்.

6. எட்டாவது கேள்வி: மரம் செத்த பிறகு என்ன ஆகும்?

"பூஞ்சை மரத்தைக் கொல்லும், கோவாலா கொல்லாது" என்று எழுதினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. அது எப்போதும் உண்மையும் அல்ல.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கேப் ஓட்வே என்றொரு கடலோரப் பகுதி. அங்கே கோவாலாக்கள் அளவுக்கு மீறிப் பெருகின. தழைக்க அவகாசம் கொடுக்காமல் திரும்பத் திரும்ப இலையைத் தின்றதால் மரங்கள் மொட்டையாகி மடிந்தன. மரம் போனதும் கோவாலாக்கள் பட்டினியால் வாடின. 2013, 2014 ஆண்டுகளில், பிழைக்க வழியில்லாத ஏறத்தாழ 700 கோவாலாக்களை அதிகாரிகள் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது.

கோவாலாவும் மரத்தைக் கொல்லக்கூடும். ஆனால் மரத்தோடு அதன் பிழைப்பும் முடிந்துவிடும். செத்த மரத்தில் அதற்கு ஒரு வாய் உணவு கிடையாது.

பூஞ்சைக்கு அப்படி இல்லை. உயிருள்ள வேரில் அது ஒட்டுண்ணி. மரம் செத்த பிறகு, அதே கட்டையைச் சிதைத்து உண்ணும் சாறுண்ணியாக வாழ்க்கையைத் தொடரும். அடிக்கட்டையிலும் மண்ணுக்குள் கிடக்கும் வேர்த்துண்டிலும் அது பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். பக்கத்தில் புதுக் கன்று நட்டு, அதன் வேர் வளர்ந்து அந்தக் கட்டையைத் தொட்டதும், மறுபடியும் ஒட்டுண்ணி வேலையைத் தொடங்கிவிடும்.

மரத்தின் சாவு கோவாலாவுக்கு முடிவு. பூஞ்சைக்கு அது சாப்பாட்டு மூட்டை.

7. இதனால் தோட்டத்தில் என்ன மாறுகிறது?

"மரம் செத்துப்போச்சு, வெட்டிப் போட்டாச்சு, நோயும் போச்சு" என்பது இயல்பாக வரும் நினைப்பு. மேலே சொன்ன எட்டாவது கூறைப் புரிந்துகொண்டவருக்கு இது எவ்வளவு ஆபத்தான நினைப்பு என்று தெரியும். மரத்தை வெட்டியபின் அடிக்கட்டையை மண்ணில் விட்டால், நோய்க்கு வீட்டை விட்டுவைத்ததாக அர்த்தம். காட்டுமரக் கட்டையிலிருந்து முதல் தலைமுறை ரப்பருக்கு வந்த நோய், பழைய ரப்பர் கட்டையிலிருந்து மறுநடவுக் கன்றுக்கு வருவது இப்படித்தான்.

1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் காலம் முதல் இன்றைய மலேசிய ரப்பர் வாரியம் வரை பரிந்துரைத்து வந்த வழிகளை இப்போது காரணத்தோடு பார்க்கலாம்.

அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி அகற்றுவது: பூஞ்சையின் உணவு மூட்டையைப் பறிப்பதற்கு.

வெட்டுமுகத்துக்கு மருந்து பூசுவது: காற்றில் வரும் நுண்வித்து புதுக் கட்டையில் குடியேறாமல் இருப்பதற்கு.

வரிசைகளுக்கு இடையே அவரைக் குடும்பத்து மூடுபயிர்க் கொடிகளைப் படரவிடுவது: கட்டைகள் சீக்கிரம் மக்குவதற்கும், பூஞ்சைக் கயிறுகள் கன்றைச் சேரும் முன்னே வலுவிழப்பதற்கும்.

நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி வெட்டுவது: வேருக்கு வேர் உள்ள தொடர்பை அறுப்பதற்கு.

கன்றின் கழுத்துப் பகுதியில் மண்ணை விலக்கி வெள்ளை நூல் தெரிகிறதா என்று பார்ப்பது: இலை மஞ்சளாகும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும் என்பதால்.

நோய் பிடித்த இடத்தில் மரவள்ளி ஊன்றாதே என்று சொல்வதற்கும் காரணம் இப்போது புரியும். மரவள்ளியும் இதே பூஞ்சைக்கு உணவு. ஐந்தாவது கூறில், உணவுத் தெரிவில், பார்த்தோம் இல்லையா?

கிந்தா வட்டாரத்தில் பல ரப்பர் தோட்டங்கள் பின்னர் செம்பனைக்கு மாறிவிட்டன. "அப்போ இந்தக் கதை பழங்கதைதானே?" என்றால், இல்லை. மலேசியாவில் செம்பனையை அதிகம் வாட்டுகிற நோய், கானோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சையால் வரும் அடித்தண்டு அழுகல். அதுவும் பழைய செம்பனைக் கட்டையில் தங்கியிருந்து புதுக் கன்றுக்குத் தாவுகிற பூஞ்சைதான். பெயர் மாறியிருக்கிறது, பயிர் மாறியிருக்கிறது, எட்டாவது கேள்வியின் விடை மாறவில்லை.

இப்போது கோவாலா பக்கம் வாருங்கள். காடழிப்பு, காட்டுத்தீ, நோய், வாகனங்கள், நாய்கள் என்று பல காரணங்களால் அதன் எண்ணிக்கை குறைந்தது. 2022 பிப்ரவரியில் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்கள் அழியும் ஆபத்திலுள்ளவை என்று அறிவிக்கப்பட்டன. அங்கே கோவாலாவைக் காக்க விரும்புகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? துண்டுதுண்டாகிப் போன காடுகளுக்கு இடையில் மரம் நட்டு, மரத்துக்கு மரம் போகப் பாதை உண்டாக்குகிறார்கள்.

நான்காவது ஒற்றுமையைப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். இதுதான். இரண்டுக்கும் மரத்திலிருந்து மரத்துக்கு வழி தேவை. காக்க வேண்டிய உயிரிக்கு அந்த வழியைத் திறக்கிறோம். தடுக்க வேண்டிய உயிரிக்கு அதே வழியை அறுக்கிறோம். ஓர் ஒற்றுமையிலிருந்து இரண்டு எதிரெதிர் நடவடிக்கைகள் பிறக்கின்றன.

8. மாதிரி விடைகள்

ஆறாம் ஆண்டு மாணவருக்கு:

"வெள்ளை வேர்ப் பூஞ்சையும் கோவாலாவும் தம் உணவைத் தாமே தயாரிப்பதில்லை. இரண்டும் மரத்தைச் சார்ந்து வாழ்கின்றன. ஆனால், பூஞ்சை மரத்தின் வேரைத் தாக்குகிறது. கோவாலா மரத்தின் இலையை உண்கிறது. பூஞ்சை நுண்வித்துகள் மூலம் இனவிருத்தி செய்கிறது. கோவாலா குட்டி ஈனுகிறது."

ஆறே வாக்கியம். இரண்டு ஒற்றுமை, இரண்டு வேற்றுமை. "ஆனால்" என்ற சொல் ஒற்றுமையையும் வேற்றுமையையும் பிரித்துக் காட்டுகிறது. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்கள் ஒவ்வொரு வேற்றுமையையும் ஜோடியாக நிறுத்துகின்றன.

ஐந்தாம் படிவ மாணவர் இதோடு நிறுத்தக் கூடாது. காரணமும் விளைவும் சேர வேண்டும்:

"இரண்டும் பிற உயிரியைச் சார்ந்து உணவு பெறுபவை. பூஞ்சை நொதிகளைச் சுரந்து உடலுக்கு வெளியே செரித்து உறிஞ்சுகிறது. கோவாலா உணவை உட்கொண்டு உடலுக்குள் செரிக்கிறது. மரம் இறந்த பின், பூஞ்சை சாறுண்ணியாக அடிக்கட்டையில் தொடர்ந்து வாழ்கிறது. கோவாலா உயிருள்ள இலை இல்லாமல் வாழ முடியாது. எனவே, நோயுற்ற மரத்தை வெட்டுவது மட்டும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தாது; அடிக்கட்டையையும் வேரையும் அகற்ற வேண்டும்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். "எனவே" என்று தொடங்குகிறது. ஒப்பீட்டிலிருந்து ஒரு முடிவை எடுக்கிறது. உயர்நிலைச் சிந்தனை என்று நாம் பெரிதாகச் சொல்வது பல நேரங்களில் இந்த ஒரு வரிதான்.

9. ஆசிரியர்களுக்குச் சில வகுப்பறை யோசனைகள்

முதலில் இரண்டு உயிரியின் படத்தையும் காட்டி, பெயர் சொல்லாமல், "இந்த ரெண்டுகிட்டயும் கேட்கக்கூடிய ஒரே கேள்வியைச் சொல்லுங்க" என்று மாணவர்களிடம் கேளுங்கள். விடை வேண்டாம், கேள்வி மட்டும். எங்கே இருக்கே? என்ன சாப்பிடுறே? எப்படிப் பெருகுறே? சாப்பாடு தீர்ந்துபோனா என்ன பண்ணுவே? இப்படி வந்த கேள்விகளே கூறுகளாகிவிடும். அதன் பிறகு இரட்டிப்புக் குமிழி வரைபடத்தைத் தொடங்கினால் மாணவர்கள் தடுமாற மாட்டார்கள்.

பள்ளி வளாகத்தில் விழுந்த கட்டை இருந்தால், அதில் முளைத்த தட்டுக் காளானைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். "இந்த மரம் செத்து எவ்வளவு நாளாச்சு? இந்தக் காளான் இப்ப எதைச் சாப்பிடுது?" என்று கேளுங்கள்.

வீட்டுப்பாடமாக, தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதிவரச் சொல்லலாம்: பழைய மரத்தை வெட்டி மறுநடவு செய்தபோது அடிக்கட்டையை என்ன செய்தீர்கள்? எரித்தோம், தோண்டினோம், மருந்தடித்தோம், அப்படியே விட்டோம் என்று விதவிதமாக விடை வரும். எந்த விடை வந்தாலும் வகுப்பில் பேசுவதற்கு விஷயம் உண்டு. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கான அறிவியல் காரணத்தைப் பேரப்பிள்ளை வீட்டில் சொல்லட்டும்.

10. பயிற்சி வினாக்கள்

அ. வெள்ளை வேர்ப் பூஞ்சைக்கும் ரப்பர் மரத்துக்கும் உள்ள உறவையும், கோவாலாவுக்கும் யூகலிப்டஸ் மரத்துக்கும் உள்ள உறவையும் ஒப்பிடுக.

ஆ. பூஞ்சை தாவர உலகத்தைச் சேர்ந்ததன்று என்பதற்கு மூன்று காரணங்கள் தருக.

இ. ஒரு சிறுதோட்டக்காரர் நோயால் இறந்த ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு, அடிக்கட்டையை விட்டுவைத்து, அதன் அருகிலேயே புதுக் கன்றும் மரவள்ளியும் நடுகிறார். இதனால் ஏற்படக்கூடிய விளைவுகளைக் காரணத்துடன் விளக்குக.

ஈ. பாதை அமைத்தல், பாதை அறுத்தல் ஆகிய இரண்டு நடவடிக்கைகளும் எந்தெந்த உயிரியின் மேலாண்மைக்கு ஏற்றவை? ஏன்?

மூன்றாம் வினாவை எழுதும்போது, தெரிந்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ தன் நிலத்தில் அப்படிச் செய்யப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எழுத முடிந்தால், விடைத்தாள் திருத்துகிறவருக்கும் அது புரியும்.

தேர்வுக்கு வாழ்த்துகள். மேலே உள்ள வினாக்களுக்கு உங்கள் மாணவர்கள் எழுதிய நல்ல விடைகள் இருந்தால், சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.